அதிகாரத்தின் எல்லை எது? அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரிவுக்கு வழிவகுத்த வாதங்கள், 1763–1776

1763 பிப்ரவரியில் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கை ஏழாண்டுப் போரை முடித்துவைத்து, கனடாவையும் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே விரிந்த பெருநிலப்பரப்பையும் பிரிட்டனின் கைக்கு மாற்றியபோது, வட அமெரிக்காவின் கிழக்குக் கரையோரக் குடியேற்றங்களின் மக்கள் அவ்வெற்றியைத் தங்கள் வெற்றியாகவே கொண்டாடினர். தாங்கள் ஆங்கிலேயர், ஆங்கிலச் சுதந்திரத்தின் வாரிசுகள் என்ற பெருமிதம் அவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருந்தது. பிரிந்து போவது அன்று எந்தச் சட்டமன்றத்திலும் கோரிக்கையாக எழுந்ததில்லை. அதே மக்களின் பிரதிநிதிகள் 1776 ஜூலையில் மன்னரோடு இருந்த எல்லாப் பிணைப்பையும் அறுத்தனர். இம்மாற்றத்தை வரிச்சுமையைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது, ஏனெனில் அவர்கள் செலுத்திய வரி பிரிட்டனில் வாழ்ந்தோர் செலுத்தியதைவிட மிகக் குறைவு. ஜான் லாக்கின் அரசியல் தத்துவத்தைப் படித்து எழுச்சி கொண்டனர் என்பதும் போதாது, ஏனெனில் அவருடைய நூல் வெளிவந்து முக்கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. குடியேற்றத்தார் தங்கள் உரிமைக்கு ஆதாரமாகக் காட்டிய ஒவ்வொன்றையும் லண்டனின் மறுமொழி செல்லாததாக்கியது; அதனால் அவர்கள் அடுத்தடுத்து மேலும் அடிப்படையான ஆதாரத்தைத் தேடிச் சென்றனர். மன்னர் அளித்த சாசனத்தில் தொடங்கிய வழக்கு ஆங்கில அரசமைப்புக்கும், அங்கிருந்து மனிதர் அனைவருக்கும் பிறப்போடு வரும் இயற்கை உரிமைக்கும் நகர்ந்தது. இந்த நகர்வை நிகழ்த்தியவர்கள் பெரும்பாலும் வழக்கறிஞர்கள், வணிகர்கள், அச்சகத்தார், பாதிரிமார். தத்துவத்தைத் தொழிலாகக் கொண்டோர் அல்லர்.

போர் பிரிட்டனின் அரசுக் கடனை ஏறத்தாழ 7.5 கோடி பவுண்டிலிருந்து 13 கோடி பவுண்டுக்கும் மேலாக உயர்த்தியிருந்தது. புதிதாகக் கிடைத்த எல்லைகளைக் காக்க அமெரிக்காவிலேயே நிலைப்படை ஒன்றை நிறுத்தவும் அரசு முடிவு செய்தது. அச்செலவில் ஒரு பகுதியைக் குடியேற்றங்களே ஏற்க வேண்டும் என்று தலைமை அமைச்சர் ஜார்ஜ் கிரென்வில் கருதியது கணக்கு வழக்கில் நியாயமாகவே தோன்றும். 1764ஆம் ஆண்டின் சர்க்கரைச் சட்டம், ரம் காய்ச்சப் பயன்பட்ட சர்க்கரைப் பாகின் மீதான வரியைக் காலனுக்கு 6 பென்ஸிலிருந்து 3 பென்ஸாகக் குறைத்தது; ஆனால் பழைய வரியைப் பெரும்பாலும் எவரும் செலுத்தியதில்லை, புதிய வரியோ கண்டிப்போடு வசூலிக்கப்பட்டது. கடத்தல் வழக்குகள் ஜூரி இல்லாத கடற்படை நீதிமன்றங்களுக்கு மாற்றப்பட்டன. ஜூரி என்பது குற்றம் சாட்டப்பட்டவரின் ஊராரே அமர்ந்து தீர்ப்பளிக்கும் முறை. ஆங்கிலேயர் அதைத் தம் உரிமைகளின் உயிர்நாடியாகக் கருதினர். ஆகவே வரியின் அளவைக் காட்டிலும் அது வசூலான முறையே முதலில் அச்சத்தை விதைத்தது.

மாசசூசெட்ஸ் வழக்கறிஞர் ஜேம்ஸ் ஓட்டிஸ் இந்த அச்சத்துக்குச் சட்டமொழி தந்தவர். 1761இல், சுங்க அதிகாரிகள் எந்த வீட்டையும் எந்தக் கிடங்கையும் தனிப்பட்ட காரணம் காட்டாமல் சோதனையிட வழிவகுத்த பொது ஆணைகளை எதிர்த்து பாஸ்டன் நீதிமன்றத்தில் அவர் வாதிட்டார். அரசமைப்புக்கு முரணான சட்டம் செல்லாது என்பதே அவர் எடுத்த நிலை. வழக்கில் அவர் தோற்றார். ஆயினும் அங்கே அமர்ந்து கேட்ட இளம் வழக்கறிஞர் ஜான் ஆடம்ஸ், சுதந்திரம் அன்றுதான் பிறந்தது என்று முதுமையில் நினைவுகூர்ந்தார். 1764இல் ஓட்டிஸ் எழுதிய சிறுநூலில் ஒரு பெரிய முரண் உண்டு. நாடாளுமன்றத்தின் மேலாண்மையை அவர் முழுமையாக ஏற்கிறார். அதே மூச்சில், பிரதிநிதிகள் இல்லாதவர்மீது வரி விதிக்க அதற்கு உரிமையில்லை என்றும் சொல்கிறார். தவறு செய்தால் நாடாளுமன்றமே திருத்திக்கொள்ளும் என்ற நம்பிக்கைதான் இரண்டையும் ஒட்டவைத்தது. அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. எனினும், இயற்கைச் சட்டத்தின்படி வெள்ளையர், கறுப்பர் என்ற வேறுபாடின்றி எல்லா மனிதரும் சுதந்திரமாகவே பிறக்கின்றனர் என்று அந்நூலில் அவர் எழுதியது, பின்னால் வந்த பலரும் சொல்லத் துணியாத கூற்று.

1765 மார்ச்சில் நிறைவேறிய முத்திரை வரிச் சட்டம் செய்தித்தாள், நீதிமன்ற ஆவணம், பத்திரம், உரிமம், பஞ்சாங்கம், சீட்டுக்கட்டு என்று காகிதத்தோடு தொடர்புடைய பெரும்பாலான பொருள்களின்மேல் வரி விதித்தது. எழுதுவதையும் பேசுவதையும் தொழிலாகக் கொண்ட வழக்கறிஞரையும் அச்சகத்தாரையும் ஒரே நேரத்தில் தாக்கிய வரி அது. எதிர்ப்பு அவ்வளவு விரைவாகச் சொல்வடிவம் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம். பிரதிநிதிகளின் இசைவின்றி வரி விதிக்கலாகாது என்ற முழக்கத்துக்கு லண்டன் தந்த பதிலை, கருவூலச் செயலாளராக இருந்த தாமஸ் வேட்லி ஒரு சிறுநூலில் தெளிவாக எடுத்துரைத்தார். மான்செஸ்டர், பர்மிங்காம் போன்ற நகரங்களுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கிடையாது. பிரிட்டனில் வாழ்வோரில் பத்தில் ஒன்பது பேருக்கு வாக்குரிமையே இல்லை. ஆனாலும் அவர்கள் பிரதிநிதித்துவம் இழந்தவர்கள் அல்லர், ஏனெனில் ஒவ்வொரு உறுப்பினரும் தம்மைத் தேர்ந்தெடுத்த தொகுதிக்காக மட்டுமல்லாமல் பேரரசு முழுமைக்காகவும் பேசுகிறார். அமெரிக்கரும் அவ்வாறே கருத்தளவில் அங்கே இடம்பெற்றுள்ளனர் என்பது அவர் வாதம். இது ஏமாற்று வாதமன்று. நாடாளுமன்றம் என்பது பல ஊர்த் தூதர்களின் கூட்டமல்ல, ஒரு நாட்டின் ஒரே மன்றம் என்ற மதிப்புமிக்க கோட்பாட்டிலிருந்து பிறந்தது.

இதற்கு மிகக் கூர்மையான மறுப்பை எழுதியவர் மேரிலாந்தின் டேனியல் டுலேனி. வாக்கில்லாத ஆங்கிலேயரும் வாக்குள்ள ஆங்கிலேயரும் ஒரே நாட்டில், ஒரே சந்தையில், ஒரே வரியின்கீழ் வாழ்கின்றனர். மான்செஸ்டர் நெசவாளியை நசுக்கும் வரி அவருக்காக வாக்களிக்கும் அண்டை ஊர்க்காரரையும் நசுக்கும், ஆகவே ஒருவருடைய நலன் மற்றவருக்குக் காவலாகிறது. அமெரிக்கருக்கும் ஆங்கில வாக்காளருக்கும் இடையே அத்தகைய பிணைப்பு எதுவும் இல்லை. அமெரிக்காவில் ஏற்றும் வரி இங்கிலாந்தில் வரியைக் குறைக்க உதவும் என்பதால், அங்குள்ள வாக்காளர் அதை மகிழ்ந்து வரவேற்பார் என்று டுலேனி சுட்டிக்காட்டினார். கோட்பாட்டைக் கோட்பாட்டால் எதிர்க்காமல், கோட்பாடு செயல்படத் தேவையான சூழல் இங்கே இல்லை என்று நிறுவிய அந்த முறைதான் அவர் வாதத்தின் சிறப்பு. அமெரிக்க அனுபவமும் அவருக்குத் துணைநின்றது: நியூ இங்கிலாந்துப் பகுதியில் ஊர்க்கூட்டங்கள் தம் பிரதிநிதிகளுக்கு எழுத்தில் அறிவுறுத்தல் தந்து அனுப்பும் வழக்கம் இருந்தது, தம்மூரில் வாழாத ஒருவர் தமக்காகப் பேச முடியும் என்பதை அவர்கள் ஏற்கத் தயாராயில்லை. இவ்வளவு எழுதிய டுலேனி, பிரிவு என்ற கேள்வி வந்தபோது அதற்கு உடன்படாமல் ஒதுங்கி நின்றார் என்பது அக்காலத்தின் சிக்கலைக் காட்டுகிறது; வாதத்தை வகுத்தவர்கள் எல்லோரும் அது சென்று முடிந்த இடம்வரை அதனோடு செல்லவில்லை.

சட்டமன்றங்களிலும் தெருக்களிலும் எதிர்ப்பு இணைந்தே வளர்ந்தது. வர்ஜீனியாவில் பேட்ரிக் ஹென்றி முன்மொழிந்த தீர்மானங்களில் நிறைவேறாதவையும் திரும்பப் பெறப்பட்டதும் கூடப் பிற குடியேற்றங்களின் செய்தித்தாள்களில் நிறைவேறியவைபோல அச்சாயின; அவற்றின் தாக்கம் பெரிது. பாஸ்டனில் ஆகஸ்ட் 14 அன்று முத்திரை விற்பனை அதிகாரியாக நியமிக்கப்பட்ட ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவி மரத்தில் தொங்கவிடப்பட்டது. பன்னிரண்டு நாள் கழித்துத் துணை ஆளுநர் தாமஸ் ஹச்சின்சனின் மாளிகை சூறையாடப்பட்டு, அவர் எழுதிக்கொண்டிருந்த மாசசூசெட்ஸ் வரலாற்றின் கைப்பிரதி சேற்றில் வீசப்பட்டது. அக்டோபரில் ஒன்பது குடியேற்றங்களின் பேராளர்கள் நியூயார்க்கில் கூடினர். வணிகர்கள் பிரிட்டிஷ் சரக்கைப் புறக்கணித்ததும் லண்டன் வணிகரே சட்டத்தை நீக்கும்படி மனுச்செய்தனர். 1766 மார்ச்சில் வரி நீங்கியது. ஆனால் அதே நாளில், எந்தப் பொருளிலும் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு முழு அதிகாரம் உண்டு என்று அறிவிக்கும் சட்டமும் நிறைவேறியது. கொண்டாட்டத்தின் ஆரவாரத்தில் இந்த இரண்டாம் சட்டத்தைப் பலர் பொருட்படுத்தவில்லை. வரலாற்றில் நிலைத்தது அதுதான்.

அடுத்து வந்த டவுன்செண்ட் சட்டங்கள் 1767இல் கண்ணாடி, ஈயம், வண்ணப்பூச்சு, காகிதம், தேயிலை ஆகியவற்றுக்கு இறக்குமதி வரி விதித்தன. அவ்வருவாயிலிருந்து ஆளுநர்களுக்கும் நீதிபதிகளுக்கும் ஊதியம் தரும் ஏற்பாடு, அவர்களை உள்ளூர்ச் சட்டமன்றங்களின் பிடியிலிருந்து விடுவிப்பதாக அமைந்தது. லண்டனில் சட்டம் பயின்ற ஜான் டிக்கின்சன், பென்சில்வேனியா விவசாயி ஒருவர் எழுதுவதாகப் பாவித்து வெளியிட்ட பன்னிரண்டு கடிதங்களில், வணிகத்தை ஒழுங்குபடுத்தும் வரி வேறு, வருவாய் திரட்டும் வரி வேறு என்று பிரித்து, முன்னதை ஏற்றுப் பின்னதை மறுத்தார். அக்கடிதங்களை ஏறக்குறைய எல்லாக் குடியேற்றச் செய்தித்தாள்களும் மறுபதிப்புச் செய்தன. அவற்றில் ஒலிக்கும் எச்சரிக்கைக் குரலைப் புரிந்துகொள்ள, வரலாற்றாளர் பெர்னார்ட் பெய்லின் 1967இல் வெளியிட்ட ஆய்வு உதவுகிறது. அக்காலச் சிறுநூல்களை நுணுகி வாசித்த அவர், குடியேற்றத்தாரின் மனத்தை வடித்ததில் லாக்கைப் போலவே ஜான் டிரெஞ்சார்ட், தாமஸ் கோர்டன் என்ற இரு ஆங்கிலப் பத்திரிகை எழுத்தாளருக்கும் பெரும்பங்கு உண்டு என்று காட்டினார். 1720களில் கேட்டோ என்ற புனைபெயரில் அவர்கள் எழுதிய கட்டுரைகள், அதிகாரம் இயல்பாகவே பெருகும், சுதந்திரத்தை விழுங்கும், நிலைப்படையும் பதவி வழங்கிக் கையில்போட்டுக்கொள்வதும் அதன் கருவிகள் என்று ஓயாமல் எச்சரித்தவை. இந்தக் கண்ணாடி வழியே பார்த்தபோது, தனித்தனியான நிர்வாக முடிவுகள் ஒரே சதித்திட்டத்தின் படிகளாகத் தெரிந்தன. அப்படியொரு சதி லண்டனில் இருக்கவில்லை. ஆனால் அந்த அச்சம் போலியானது அல்ல என்பதை மறுக்க இடமில்லை.

1768இல் பாஸ்டனில் வந்திறங்கிய படைகளும், 1770 மார்ச் 5 அன்று சிப்பாய்களின் துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டதும் அந்த அச்சத்துக்கு உருவம் தந்தன. 1772 நவம்பரில் சாமுவேல் ஆடம்ஸின் முயற்சியால் பாஸ்டன் ஊர்க்கூட்டம் கடிதத் தொடர்புக் குழு ஒன்றை நிறுவியது. அது தயாரித்த அறிக்கை, குடியேற்றத்தாரின் உரிமைகளை மனிதர், கிறித்தவர், குடிமக்கள் என்ற வரிசையில் விளக்கியது. மன்னரின் குடிமக்கள் என்ற தகுதி மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. மாசசூசெட்ஸின் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் இதற்கு மறுமொழி அனுப்பின.

இந்தச் சூழலில், அப்போது ஆளுநராக இருந்த ஹச்சின்சன், தம் மக்களை நெறிப்படுத்தும் நோக்குடன் 1773 ஜனவரியில் சட்டமன்றத்தில் ஆற்றிய உரையே முழு விவாதத்தின் திருப்புமுனை என்று கொள்ளலாம். மாசசூசெட்ஸில் பிறந்து வளர்ந்த அவர் அம்மண்ணின் வரலாற்றை எழுதியவர், முத்திரை வரியைத் தனிப்பட்ட முறையில் எதிர்த்தவர். ஆனால் இறையாண்மை, அதாவது இறுதி முடிவெடுக்கும் உச்ச அதிகாரம், ஓர் அரசில் ஓரிடத்தில்தான் இருக்க முடியும், பகுக்க இயலாதது என்பது அக்கால ஆங்கிலச் சட்ட அறிவின் அடித்தளம். வில்லியம் பிளாக்ஸ்டனின் புகழ்பெற்ற சட்ட விளக்கவுரை அதைத்தான் கற்பித்தது. அதைப் பின்பற்றி ஹச்சின்சன், நாடாளுமன்றத்தின் உச்ச அதிகாரத்துக்கும் குடியேற்றங்களின் முழு விடுதலைக்கும் நடுவே கோடு கிழிக்கத் தம்மால் இயலவில்லை என்றார். விடுதலை என்ற சொல்லைக் கேட்டதும் மக்கள் அஞ்சிப் பின்வாங்குவர் என்பது அவர் எதிர்பார்ப்பு. ஜான் ஆடம்ஸின் உதவியோடு கீழவை எழுதிய மறுமொழி அவருடைய தர்க்கத்தையே எடுத்துக்கொண்டது: அப்படியொரு கோடு இல்லையென்றால், குடியேற்றங்கள் நாடாளுமன்றத்தின் அடிமைகளாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதிலிருந்து முற்றிலும் விடுபட்டவையாக இருக்க வேண்டும், முன்னதை முன்னோர் எவரும் ஏற்றிருக்க மாட்டார், ஆகவே பின்னதே உண்மை. பத்தாண்டுகளாக உள்வரி, வெளிவரி என்றும் ஒழுங்கு வரி, வருவாய் வரி என்றும் கிழித்துப் பார்த்த கோடுகளையெல்லாம் அரச விசுவாசமிக்க ஓர் ஆளுநரின் நேர்மையான தெளிவு அழித்துவிட்டது. அவர் காட்டிய இரு வழிகளில் இரண்டாவது மட்டுமே திறந்திருந்தது.

அவ்வாண்டின் தேயிலை நெருக்கடிக்கு இந்தியாவோடு நேரடித் தொடர்பு உண்டு. 1769இல் மைசூரின் ஹைதர் அலி சென்னையின் வாசல்வரை வந்து கிழக்கிந்தியக் கம்பெனியை உடன்படிக்கைக்குப் பணியவைத்தார். இந்த மைசூர்ப் போரின் செய்தி லண்டனை எட்டியதும் கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. 1769–70இன் வங்காளப் பஞ்சமும் படைச் செலவும் ஐரோப்பியக் கடன் நெருக்கடியும் அதை மேலும் தளர்த்த, 1773இல் அரசு 14 லட்சம் பவுண்டு கடன் தந்து அதைத் தாங்க நேர்ந்தது. கிடங்குகளில் தேங்கிய சீனத் தேயிலையை அமெரிக்காவில் நேரடியாக விற்க அனுமதித்த தேயிலைச் சட்டம் அந்த மீட்பு முயற்சியின் ஒரு பகுதி. விலை குறையவே செய்தது. ஆனால் பவுண்டுக்கு 3 பென்ஸ் வரி நீடித்ததால், மலிவான தேநீரை வாங்குவதே நாடாளுமன்றத்தின் உரிமையை ஒப்புக்கொள்வதாகிவிடும். டிக்கின்சன் புனைபெயரில் எழுதிய ஒரு கடிதத்தில், இந்தியாவில் கம்பெனி நடத்திய கொள்ளையையும் பஞ்சத்தில் மடிந்த மக்களையும் சுட்டி, அதே கம்பெனி அமெரிக்காவையும் சூறையாட வருகிறது என்று எச்சரித்தார். டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலை கடலில் கொட்டப்பட்டது.

தண்டனையாக 1774இல் வந்த சட்டங்கள் பாஸ்டன் துறைமுகத்தை மூடியதோடு, மாசசூசெட்ஸின் சாசனத்தையே மாற்றியமைத்தன. மன்னர் அளித்த சாசனத்தை நாடாளுமன்றம் ஒரே வாக்கெடுப்பில் திருத்த முடியுமானால், சாசனம் எந்த உரிமைக்கும் அரணாக முடியாது என்ற உண்மை எல்லாக் குடியேற்றங்களுக்கும் உறைத்தது. செப்டம்பரில் பிலடெல்பியாவில் கான்டினென்டல் காங்கிரஸ் என்ற பெயரில் பன்னிரு குடியேற்றங்களின் பேராளர் கூடியபோது, அவர்கள் முதலில் விவாதித்தது எந்த ஆதாரத்தின்மேல் உரிமைகளை நிறுவுவது என்பதையே. இயற்கைச் சட்டத்தையும் சேர்க்க வேண்டும் என்று வர்ஜீனியாவின் ரிச்சர்ட் ஹென்றி லீ வாதிட்டார். பென்சில்வேனியாவின் ஜோசப் கேலோவே ஆங்கில அரசமைப்போடு நிற்க விரும்பினார். இறுதியில் இயற்கைச் சட்டம், ஆங்கில அரசமைப்பு, சாசனங்கள் ஆகிய மூன்றுமே அறிக்கையில் இடம்பெற்றன. மன்னர் நியமிக்கும் தலைவரும் குடியேற்றங்கள் தேர்ந்தெடுக்கும் பேரவையும் கொண்ட ஓர் அமெரிக்க மன்றத்தை அமைத்து நாடாளுமன்றத்தோடு இணைக்கலாம் என்ற கேலோவேயின் திட்டம், ஒரே ஒரு குடியேற்றத்தின் வாக்கு வேறுபாட்டில் ஒத்திவைக்கப்பட்டு, பின்னர் நடவடிக்கைக் குறிப்பிலிருந்தும் நீக்கப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் ஜேம்ஸ் வில்சன், தாமஸ் ஜெபர்சன், ஜான் ஆடம்ஸ் மூவரும் தனித்தனியே எழுதி ஒரே முடிவுக்கு வந்தனர்: நாடாளுமன்றத்துக்குக் குடியேற்றங்கள்மீது அதிகாரமே இல்லை, பேரரசைக் கட்டுவது பொதுவான மன்னர் என்ற ஒரே முடிச்சு.

அந்த ஒரே முடிச்சும் விரைவில் தளர்ந்தது. 1775 ஏப்ரலில் லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் குருதி சிந்திய பிறகும், டிக்கின்சன் வரைந்த சமாதான மனுவைக் காங்கிரஸ் மன்னருக்கு அனுப்பியது. மன்னர் அதைப் பெற மறுத்து, ஆகஸ்டில் குடியேற்றங்கள் கலகத்தில் இறங்கியுள்ளன என்று பிரகடனம் செய்தார். மன்னருக்கு எதிராக வெளிப்படையாகப் பேசும் துணிவை மக்களுக்குத் தந்தவர் தாமஸ் பெய்ன். பெண்களின் இடுப்புக்கச்சு தைக்கும் தொழிலும் கலால் அதிகாரி வேலையும் பார்த்து இரண்டிலும் நிலைக்காமல், பெஞ்சமின் பிராங்க்ளினின் அறிமுகக் கடிதத்தோடு 1774 இறுதியில் பிலடெல்பியா வந்து சேர்ந்த ஆங்கிலேயர் அவர். 1776 ஜனவரியில் ஆசிரியர் பெயரின்றி வெளியான அவருடைய ‘காமன் சென்ஸ்’ என்ற சிறுநூல், மூன்றாம் ஜார்ஜ் தவறு செய்தார் என்று சொல்வதோடு நிற்கவில்லை. பிறப்பால் ஒருவர் மற்றவரை ஆளும் ஏற்பாடே அறிவுக்கு ஒவ்வாதது என்றது. பிறர் சட்ட நூல்களை மேற்கோள் காட்டிய இடத்தில் அவர் எல்லோரும் படித்த விவிலியத்தைக் காட்டினார். லத்தீன் மேற்கோள் இல்லாத அந்த நடை, கைத்தொழிலாளரும் சிறு விவசாயியும் அரசமைப்பைப் பற்றித் தாமே முடிவெடுக்கலாம் என்ற தகுதியை அவர்களுக்கு அளித்தது. அரசியல் எழுத்தின் வரலாற்றில் அதைவிட மக்களாட்சித் தன்மை வாய்ந்த செயல் மிக அரிது.

ஜூன் 7 அன்று ரிச்சர்ட் ஹென்றி லீ முன்மொழிந்த விடுதலைத் தீர்மானம் ஜூலை 2 அன்று நிறைவேறியது. அதற்குக் காரணம் காட்டும் பிரகடனம் இரண்டு நாள் கழித்து ஏற்கப்பட்டது. ஜெபர்சன் எழுதிய அப்பிரகடனத்தில் மன்னர்மீது நீண்ட குற்றப்பட்டியல் உண்டு, நாடாளுமன்றம் என்ற பெயரோ ஓரிடத்திலும் இல்லை. 1774இன் கோட்பாட்டின்படி அதற்கு எந்நாளும் அதிகாரம் இருந்ததில்லை என்பதால், அறுக்க வேண்டிய பிணைப்பும் அதனோடு இல்லை. ஆளப்படுவோரின் இசைவே ஆட்சியின் ஆதாரம், அது மீறப்பட்டால் ஆட்சியை மாற்ற மக்களுக்கு உரிமை உண்டு என்ற லாக்கின் கருத்து இங்கேதான் முழு வலிமையோடு நுழைகிறது. ஏனைய ஆதாரங்கள் தீர்ந்துபோன இடத்தில் அது எஞ்சி நின்றது. புதுக் கருத்து எதையும் தாம் தேடவில்லை, நாட்டின் பொது எண்ணத்துக்கு வடிவம் தரவே முனைந்ததாக ஜெபர்சன் பிற்காலத்தில் விளக்கினார். சமரசத்தை இறுதிவரை நம்பிய டிக்கின்சன் வாக்கெடுப்புக்கு வராமல் விலகிநின்று, பிறகு தம் ஊர்ப்படையோடு களத்துக்குப் புறப்பட்டார்.

இயற்கை உரிமையை ஆதாரமாக ஏற்றபின் அதை ஒரு சாராருக்கு மட்டும் ஒதுக்கிவைக்க முடியவில்லை. அன்று குடியேற்றங்களில் வாழ்ந்த ஏறத்தாழ 25 லட்சம் பேரில் ஐந்தில் ஒருவர் அடிமை. 1773 ஏப்ரலிலேயே பாஸ்டனில் அடிமைகள் நால்வர் தம் இனத்தார் சார்பில் சட்டமன்றப் பிரதிநிதிகளுக்கு எழுதிய கடிதத்தில், தங்களை அடிமைப்படுத்த முயல்வோரை எதிர்த்து இவ்வளவு உறுதியாக நிற்பவர்களிடமிருந்து தாங்கள் பெரிதும் எதிர்பார்ப்பதாகத் தெரிவித்தனர். அடிமை வணிகத்துக்கு மன்னரைப் பழித்து ஜெபர்சன் எழுதிய பத்தியைக் காங்கிரஸ் நீக்கியது. பூர்வகுடிகளை இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என்று பழித்த வரியை விட்டுவைத்தது. 1774இல் இங்கிலாந்து சென்றுவிட்ட ஹச்சின்சன், பிரகடனத்துக்கு எழுதிய மறுப்பில், எல்லா மனிதரும் சமம் என்போர் லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கரின் சுதந்திரத்தைப் பறித்து வைத்திருப்பதை எவ்வாறு நியாயப்படுத்துவர் என்று கேட்டார். எதிராளியின் வாயிலிருந்து வந்தாலும் அது நேர்மையான கேள்வி. அக்கேள்விக்கு மாசசூசெட்ஸில் நீதிமன்றத்தின் வழியே பதில் கிடைத்தது. எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர் என்று அறிவித்த 1780ஆம் ஆண்டின் மாநில அரசமைப்பைக் காட்டி, எலிசபெத் ஃபிரீமன் என்ற அடிமைப் பெண் 1781இல் வழக்குத் தொடுத்து விடுதலை பெற்றார். 1783இல் குவாக் வாக்கர் வழக்கில் தலைமை நீதிபதி வில்லியம் குஷிங், அந்த அரசமைப்போடு அடிமை முறை பொருந்தாது என்று ஜூரிகளுக்கு எடுத்துரைத்தார். 1790ஆம் ஆண்டின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அம்மாநிலத்தில் அடிமை எவரையும் பதிவுசெய்யவில்லை. தெற்கு மாநிலங்களில் நீதிமன்றங்கள் அடிமை முறையை ஒழிக்கவில்லை. 1787இல் வரையப்பட்ட கூட்டாட்சி அரசமைப்போ, அடிமை இறக்குமதியை 1808 வரை தடைசெய்யக் கூடாது என்று புதிய நாடாளுமன்றத்தின் கையைக் கட்டியது.